டி டிரைவ் அமானிதம்

தந்தா நகர ரயில் நிலையத்தின் பின்பக்கம், கொண்டைக்கடலை மிட்டாய் விற்கும் கடையை ஒட்டி, ஒரு கட்டில் போடும் அளவே உள்ள இடத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கணினி பழுது பார்த்துவந்தார் ஷவ்கி. தொழிற்பள்ளி டிப்ளமாவைத் தாண்டிப் படித்தவர் அல்ல. ஆனால் எகிப்தில் ஸ்க்ரூடிரைவரோடு கணினிப் பெட்டியைத் தொட்டவன் எவனானாலும் அவன் 'பாஷ்முஹந்திஸ்', தலைமைப் பொறியாளர். மிட்டாய்க் கடைக்காரர் முதல் போக்குவரத்துக் காவலர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கூப்பிடக் கூப்பிட மனிதருக்கே அது உண்மை போலத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. நிஜப் பொறியாளர் ஆக வேண்டியவள் மகள் நிஹால். பள்ளி இறுதித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள், சனிக்கிழமை இயற்பியல்.

ஷவ்கியிடம் எந்த வியாதிக்கும் ஒரே மருந்துதான். கணினி மெதுவாக ஓடுகிறதா, விண்டோஸ் போடு. சத்தம் வருகிறதா, விண்டோஸ் போடு. மவுஸ் நகரவில்லை என்று வந்தவருக்கும் விண்டோஸ் போட்டு அனுப்பியிருக்கிறார். அந்த ஆள் போகும் வழியில் ஒரு புது மவுஸும் வாங்கிக்கொண்டு போனது வேறு கதை. ஊரும் இதற்குப் பழகியிருந்தது. எல்லோரும் தங்கள் உயிரான கோப்புகளை டி டிரைவில் வைத்துக்கொள்வார்கள். விண்டோஸ் இருக்கும் சி போனால் போகட்டும். பெட்டியை மேஜைமேல் வைக்கும்போதே, டியை மட்டும் தொட்டுவிடாதீர்கள் என்பார்கள். "டி அமானிதம்" என்பார் ஷவ்கி, நம்பி ஒப்படைத்த பொருள் என்று நெஞ்சில் கை வைத்து. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அமானிதத்தில் ஒரு கோப்புகூடக் குறைந்ததில்லை.

அந்தப் புதன்கிழமை காலை உஸ்தாத் ரிஃபாத்தின் பெட்டி வந்தது. வெள்ளையாக வாங்கி மஞ்சளாகிப்போன பெட்டி. ரிஃபாத் இயற்பியல் டியூஷன் ஆசிரியர். நிஹாலோடு சேர்த்து நூற்று நாற்பது பிள்ளைகள் அவரிடம் படித்தார்கள். தேர்வுக்கு மூன்று நாள் முன்பு அவர் அச்சடித்துக் கொடுக்கும் 'கடைசித் திருப்புதல்' கையில் இல்லாமல் தேர்வு அறைக்குள் போக ஒரு பிள்ளைக்கும் தைரியம் வராது. பதினோரு வருஷமாக இழைத்து இழைத்து எழுதியது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரி இருக்கும்: 'இதை நகலெடுப்பது ஹராம். எடுத்தவரை மறுமையிலும் மன்னிக்க மாட்டேன்.'

திருட்டு நகல் என்றால் ரிஃபாத்துக்கு அவ்வளவு பயம். பென் டிரைவில் போட்டால் பிள்ளைகள் உருவிவிடுவார்கள். மின்னஞ்சலில் வைத்தால் எவனாவது புகுந்துவிடுவான். ஆகவே உலகத்தில் அந்தப் புத்தகம் இருந்த ஒரே இடம், அந்த மஞ்சள் பெட்டியின் டி டிரைவ், உள்ளே இருந்த இரண்டு டிஸ்குகளில் பெரியது. இப்படிப்பட்ட மனிதரின் கணினியில் ஷவ்கி போட்டுக்கொடுத்திருந்த விண்டோஸே காசு கொடுக்காத நகல்தான். அதற்கு மறுமையில் யார் கணக்குக் கேட்பார்கள் என்று இருவரும் யோசித்ததில்லை.

பெட்டி கிளம்ப அரை மணி நேரமாகிறது, தினமும் காலையில் கடிகாரம் 2009 ஜனவரி ஒன்றுக்குப் போய்விடுகிறது என்றார் ரிஃபாத். பிற்பகல் தொழுகையான அஸருக்குள் வேண்டும், மாலையில் அச்சுக்குப் போக வேண்டும், சரிபார்க்கக்கூட நேரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடிகாரம் பின்னால் போனால், மதர்போர்டில் இருக்கும் காசளவு பேட்டரி செத்துவிட்டது என்று அர்த்தம். இது மிட்டாய்க் கடைக்காரருக்கே தெரியும். ஷவ்கிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். விண்டோஸ் போட்ட பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அங்கேதான் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்.

முன்பெல்லாம் ஒவ்வொரு கட்டத்திலும் திரையைப் பார்த்துத்தான் பொத்தானை அழுத்துவார். இப்போது அவரே தயாரித்த ஒரு பென் டிரைவ் இருந்தது. அது ஒன்றும் கேட்காது. முதல் ஹார்ட் டிஸ்கின் முதல் பகுதியை அழிக்கும், அதில் விண்டோஸைப் போடும். சொருகிவிட்டு நண்பகல் லுஹர் தொழப் போனார். வரும் வழியில் ஒரு தேநீரும் குடித்தார்.

திரும்பி வந்தால் திரை கறுப்பு. பெட்டி மூன்று முறை கூவியது, நின்றது, மறுபடி கூவியது. ஷவ்கி பதறவில்லை. மூன்று கூவல் என்றால் ரேம். இரண்டு துண்டுகளையும் பிடுங்கி, பித்தளைப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, ஊதி, மாட்டினார். கூவல் நின்றது. கையோடு டிஸ்குகளின் வயர்களைக் கழற்றி மாட்டினார். புதுப் பேட்டரியும் போட்டார். மதர்போர்டின் நினைவில் எந்த டிஸ்க் முதல், எது இரண்டாவது என்ற வரிசை மாறிக் கிடந்தது. பழையபடி, சின்ன டிஸ்க் முதல், பெரியது இரண்டாவது என்று திருத்திவிட்டுப் பெட்டியைக் கிளப்பினார்.

திரையில் கடல் வந்தது. ராஸ் அல்பர் கடற்கரையில் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நிற்கும் உஸ்தாத் ரிஃபாத். அவருடைய பழைய திரைப் பின்னணிப் படம், பழைய ஐகான்கள், பழைய ஆமை வேகம்.

ஷவ்கிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழித்ததாக நினைத்தது உயிரோடு நிற்கிறது என்றால், அழிந்தது எது?

பேட்டரி செத்துக் கிடந்ததால் போர்டு வரிசையை மறந்து, பெரிய டிஸ்கை முதலாவதாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. பென் டிரைவ் சொன்னபடி செய்தது. டியைத் திறந்தார். உள்ளே பளபளவென்று புத்தம்புதிய விண்டோஸ். வேறு ஒன்றுமில்லை.

அழிந்ததை மீட்கும் மென்பொருளை இரண்டு மணி நேரம் ஓடவிட்டார். வந்த கோப்புகளுக்குப் பெயர் இல்லை, வெறும் எண்கள். திறந்தால் கட்டம் கட்டமாகக் குப்பை. புது விண்டோஸ் சரியாகப் புத்தகத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஊர் முழுக்க நம்பிக் கொடுத்த கை இது என்று ஷவ்கி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையைப் பூட்டிவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அஸர் முடிந்து ரிஃபாத் வந்தார். ஷவ்கி எழுந்து நின்று, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

ரிஃபாத் பேயறைந்தவர் போல ஆனார். உட்கார இடம் தேடி, ஒரு பழைய மானிட்டரின் மேலேயே உட்கார்ந்தார்.

"டி-ய தொட மாட்டேன்னு சொன்னீங்களே, பாஷ்முஹந்திஸ்."

"தொட்டுட்டேன், உஸ்தாத். பாக்காம தொட்டுட்டேன். வேற எங்கயாச்சும் ஒரு காப்பி..."

"யாரும் திருடிடக் கூடாதுன்னு எங்கயுமே வைக்கலியே."

திட்டியிருந்தால் ஷவ்கிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்போது நிஹால் போன் செய்தாள், நோட்ஸ் அச்சுக்குப் போய்விட்டதா என்று கேட்க. அச்சுக்குப் போகவில்லை, அழிந்தே போய்விட்டது, இனி இல்லை என்று ஷவ்கி சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"பாபா, உஸ்தாத் பக்கத்துல இருக்காரா?"

"ஏன்?"

"கோவிச்சுக்க மாட்டாருன்னா சொல்றேன். கல்லூரி ரோட்டுல இருக்குற ஜெராக்ஸ் கடையில எல்லா வருஷத்து நோட்ஸும் கெடைக்கும். இந்த வருஷம் அவர் வகுப்புல குடுத்த தாள் மொத்தமும் சேத்துட்டாங்க. என்கிட்ட இருக்கறதே அதுதான்."

தன் வீட்டிலேயே திருட்டு நகல் இருப்பது ஷவ்கிக்கு இரண்டாவது அதிர்ச்சி. அமானிதம் பற்றி ஊருக்குச் சொல்பவர் வீட்டில்! போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. ரிஃபாத் எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது ஒரே கேள்விதான்: கல்லூரி ரோட்டில் எந்தப் பக்கம்?

ஜெராக்ஸ் கடையில் கவுண்டருக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். இருவரையும் அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளைக்கு நோட்ஸ் வாங்க வந்த தகப்பன்மார் என்று நினைத்துக்கொண்டாள். ரிஃபாத்தின் திருப்புதல் வேண்டும் என்று ஷவ்கிதான் கேட்டார்.

"திருத்துனதா, திருத்தாததா?" என்றாள் அவள்.

ரிஃபாத் நிமிர்ந்தார். "திருத்துனதுன்னா?"

"அதுல ஒரு தப்பு இருக்கு, சார். நாப்பத்தியொண்ணாவது கணக்கு. போன வருஷம் பொண்ணுங்க சண்டை போட்டுச் சரி பண்ணிக் குடுத்தாங்க. அவருகிட்ட சொல்ல முடியுமா? காப்பி வாங்குனது தெரிஞ்சுடுமே."

ரிஃபாத் அந்தத் தாளை வாங்கினார். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியும் ஆறு வோல்ட் பேட்டரியும் எதிரெதிராக மாட்டிய சுற்று, மொத்த மின்தடை ஆறு ஓம். கழிக்க வேண்டிய இடத்தில் அவர் கூட்டியிருந்தார். மூன்று ஆம்பியர் என்று அவர் எழுதியதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் பேனாவால் ஒரு ஆம்பியர். அவர் உதடுகள் அசைந்தன, கணக்கைப் போட்டுப் பார்த்தன. ஒன்றுதான் சரி.

"பதினோரு வருஷமா" என்றார், யாரிடமும் இல்லாமல். "எத்தனை பிள்ளைங்க இதை எழுதிட்டு வந்திருக்கும்!"

ஷவ்கிக்கு அவரைப் பார்க்க முடியவில்லை. மதியத்திலிருந்து தன் நெஞ்சில் கிடந்த கல்லைத் தூக்கி இன்னொருவர் நெஞ்சில் வைத்தது போல இருந்தது. இந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்பதா, இவருக்கு ஆறுதல் சொல்வதா என்று தெரியவில்லை.

ரிஃபாத் அவளிடம் பேனா கேட்டு வாங்கினார். முதல் பக்கத்தின் அடியில் இருந்த அந்த வரியை, மறுமையிலும் மன்னிக்க மாட்டேன் என்ற வரியை, நிதானமாக அடித்தார். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். முப்பத்தாறு பக்கமும் அடித்து முடிக்கும் வரை கடையில் இயந்திரச் சத்தம் மட்டும்தான். பிறகு தாள் கட்டை அவளிடம் நீட்டினார்.

"திருத்துனதுலயே நூத்தி நாப்பது போடும்மா. இருட்டறதுக்குள்ள, மக்ரிபுக்குள்ள வேணும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அந்த வரிய அடிக்க நீங்க யாரு, சார்? ரிஃபாத் சாருக்குத் தெரிஞ்சா சும்மா விடமாட்டாரு."

"அவருக்கு இப்பத்தான் தெரிஞ்சுது" என்றார் உஸ்தாத் ரிஃபாத்.