சின்னவளின் பெயர்

எட்டு மாதமாக எங்கள் ஊரில் யாரும் சின்னவள் பெயரைச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளான நூங்கார் ஜனங்கள் நாங்கள் இறந்தவர் பெயரை உடனே வாயில் எடுக்க மாட்டோம். எத்தனை நாளைக்கு என்றால், குடும்பத்தில் மூத்தவர் போதும் என்று சொல்லும்வரை. மூத்தவள் நான்தான், மேவிஸ். போன செவ்வாய்க்கிழமை சின்னவள் மகள் ஜோலீன் என் சமையலறையில் வந்து உட்கார்ந்து அதைத்தான் கேட்டாள். அம்மாவின் நாடகத்தை ஊர் மன்றத்தில் மறுபடியும் போடுகிறார்களாம். போஸ்டர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறதாம். பெயர் வரவேண்டிய இடத்தை வெறுமனே விட்டு அதன் மாதிரியைக் கொண்டுவந்திருந்தாள்.

தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். சரி என்று சொல்ல மனசு வரவில்லை.

சின்னவள் என் சித்தி மகள். கோதுமைக் கிடங்கைத் தாண்டி, எங்கள் ஜனங்களை ஒதுக்கி வைத்திருந்த குடியிருப்பில் ஒரே போர்வைக்குள் படுத்து வளர்ந்தோம். கதை சொல்கிறவள் நான். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தால் எல்லாரையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பேன். அவள் வாயே திறக்க மாட்டாள். பதினெட்டுக் குடும்பத்துக்கும் ஒரே குழாய். அதுவும் நாள் முழுக்கச் சொட்டும். ஒருநாள் வாளியோடு நிற்கும்போது, "இந்தக் குழாய்க்கு யாரு செத்தாங்க? விடாம அழுதுட்டே கெடக்கு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து வருஷம் கழித்து அந்த வரி பத்திரிகையில் வந்தது. கவிதையாம். கீழே அவள் பெயர். அப்போது நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் சலவை வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் சலவைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே இருப்பாள். அவள் பங்கு விரிப்புகளையும் நான்தான் மடித்து வைப்பேன். பத்திரிகையைக் காட்டினாள். நல்லாத்தான் இருக்கு என்று வாய் சொன்னது, வயிறு பற்றி எரிந்தது. என்ன தப்பு செய்தாள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் காற்றில் விட்டதை அவள் பிடித்து வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பிறகு புத்தகம் வந்தது. பெர்த் நகரத்திலிருந்து கார் போட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். ரொட்டி வாங்கப் போனால் கடைக்காரி, நீங்க அவங்க அக்காதானே என்பாள். எனக்கென்று ஒரு பெயர் இருந்ததே ஊருக்கு மறந்துவிட்டது. அந்தப் புத்தகத்தை நான் இன்றுவரை பிரித்ததில்லை.

நாடகம் எழுதியபோது ஒருநாள் கங்காரு வால் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தாள். கோதுமை லாரி கவிழ்ந்து செத்துப்போன என் தம்பி லெஸ் அந்த நாடகத்தில் வருகிறான். ஆறு வருஷம் ஆகிவிட்டது, மேடையில் அவன் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டாள். கூடப் பிறந்தவள் நான் சரி என்றால் சரி. எனக்கு அவன் பெயர் வலிக்கவில்லை. நானே வீட்டில் தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். ஆனாலும் கூடாது என்றேன். முறை, மரியாதை என்று என்னென்னவோ பேசினேன். முதல்முறையாக அவளுக்கு ஒன்று என்னிடமிருந்து வேண்டியிருந்தது. கொடுக்க மாட்டேன் என்று சொல்லிப் பார்க்க ஆசை. அவள் குழம்பை வைத்துவிட்டுப் போனாள்.

நாடகத்தன்று மன்றம் நிரம்பி வழிந்தது. தம்பியின் பெயர் வரவேண்டிய இடத்தில் நடிகர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி ஒரு கோப்பைத் தேநீரை யாரும் இல்லாத நாற்காலிக்கு முன்னால் வைத்தாள். ஆவி அடங்கும்வரை யாரும் அசையவில்லை. கோதுமைப் பண்ணை வெள்ளைக்காரர்கள்கூடக் கண்ணைத் துடைத்தார்கள். அந்த மௌனத்தைத்தான் எல்லாப் பத்திரிகையும் புகழ்ந்தது. என் வயிற்றெரிச்சலைக்கூட எடுத்து நாடகமாக்கிவிட்டாள்.

"நீ வேணாம்னு சொன்னதாலதான் அது கெடச்சுது அக்கா" என்று வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மனசாரத்தான் சொன்னாள். நான் இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை.

அப்புறம் அவள் சிறுநீரகம் கெட்டது. வாரம் மூன்று நாள் பெர்த்துக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு, அங்கேயே கண்ணை மூடினாள். பொய் சொல்வானேன், முதல் ஒரு மாதம் எனக்கு நிம்மதியாக இருந்தது. ரொட்டிக் கடையில் யாரும் அவள் பேச்சை எடுக்கவில்லை.

இதெல்லாம் ஜோலீனுக்குத் தெரியாது. இன்னும் மூன்று வருஷம் போகட்டும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் பேசினாள்.

"பள்ளிக்கூடத்துப் பசங்களும் நடிக்கிறாங்க பெரியம்மா. குழாய்க் கவிதை எல்லாருக்கும் மனப்பாடம். யாரு எழுதினதுன்னு கேட்டா, யாரோங்கறாங்க."

"யாரோவா?"

"எங்களாலயும் சொல்ல முடியலையே."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. யாரோ என்றால்? நாற்பது வருஷம் நான் யாரோ ஒருத்தியைப் பார்த்தா வெந்து செத்தேன்? என் வரியை எடுத்தவள் யாரோ இல்லை. தூக்கத்தில் உதைப்பாள், தேநீரில் நாலு கரண்டி சர்க்கரை போடுவாள், அவள் போர்வை மடித்தால் மூலைகள் சேராது. அவளையும் என்னையும் சேர்த்து இந்த 'யாரோ' விழுங்கிவிடும் போலிருந்தது.

போஸ்டரை இழுத்து, அந்த வெற்றிடத்தில் விரலை வைத்தேன்.

"எல்வா" என்றேன். "எல்வான்னு போடு. தெருவுக்கு அந்தப் பக்கத்துலேருந்து தெரியற மாதிரி பெருசாப் போடு."

எட்டு மாதம் கழித்துத் தன் அம்மாவின் பெயரைக் காதால் கேட்ட அந்தப் பெண் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. நான் போன பிறகு என் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டுக்கொண்டு யார் வீட்டுச் சமையலறையிலும் யாரும் போய் உட்காரப்போவதில்லை. தடவிக்கொண்டிருக்கும்போதே எனக்கு எல்வாமேல் பொறாமையாகத்தான் இருந்தது.