காற்று அடித்தால் கரண்ட் வரும்

பள்ளிக்கூடத்துக்கு நான் போனது ஓட்டுப் போட மட்டும்தான். ஆனாலும் உத்திரமேரூர் டீக்கடையில், நம் மாநிலத்துக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று பேச்சு கிளம்பினால் நான்தான் வாத்தியார். நெய்வேலியில் நிலக்கரி, மேட்டூரில் தண்ணீர், கல்பாக்கத்தில் என்னவோ அணு, தெற்கே ஆரல்வாய்மொழியில் காற்றாலை என்று அளந்து விடுவேன். எல்லாம் எங்கள் லைன்மேன் ஒருநாள் சொன்னது.

அதில் எனக்குப் பிடித்துப்போனது காற்றாலைதான். காற்று அடித்தால் கரண்ட் வரும். இதற்கு மேல் என்ன படிப்பு வேண்டும்?

எங்கள் பம்புசெட்டுக்கு மும்முனைக் கரண்ட் முறை வைத்துத்தான் வரும். போன ஆடிக் கடைசியில், எங்கள் முறை வந்த அன்று காலையில் காற்று வேட்டியை உருவுகிற மாதிரி அடித்தது. இன்றைக்குக் கரண்ட் கொட்டப்போகிறது என்று நடவுக்குப் பெண்களை வரச் சொல்லிவிட்டேன். உழுது வைத்த கழனியில் தண்ணீர் சுண்டிக் கிடந்தது. யாராக இருந்தாலும் தண்ணீர் கட்டிவிட்டுத்தான் நாற்றைத் தொடுவார்கள். எனக்குத்தான் அறிவு ஜாஸ்தியாயிற்றே, முழு நாற்றையும் பறித்துக் கட்டுக்கட்டாக வரப்பில் அடுக்கிவிட்டேன். பறித்த நாற்று வெயிலில் வாடுவதற்குள் சேற்றில் இறங்க வேண்டும். வாடிப்போனால் அந்தப் போகமே போச்சு.

மோட்டார் சுவிட்சைப் போட்டேன். ஒரு முனகல்கூட இல்லை.

லைன்மேனுக்குப் போன் அடித்தேன். காற்றில் பனைமட்டை விழுந்து கம்பி அறுந்துவிட்டதாம், பொழுது சாயும் வரை ஆகுமாம்.

"காத்து அட்ச்சா கரண்ட் வரும்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"அது அங்க அடிக்கிற காத்துண்ணா. இங்க அட்ச்சா மட்டதான் வரும்."

வரப்பில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி நாற்றுக்கட்டைத் தூக்கிப் பார்த்தாள். "இன்னா மாமா, இத்த கொயம்பு வெச்சித் துன்றதா?"

பக்கத்துக் கழனி அக்கா சோலார் பம்பு போட்டிருக்கிறார். அந்தப் பலகைகளை, வடாம் காயப்போட வாங்கியது என்று டீக்கடையில் கிண்டல் அடித்தவனும் நானேதான். வேறு வழியில்லாமல் அவர் எதிரில் போய் நின்றேன்.

"இன்னாடா, வடாம் வேணுமா?"

"தண்ணிக்கா."

அவர் சிரிக்கவில்லை. "காத்துல பலக மேல ஒரே புழுதியா கீது. தொடச்சி வுடு, தண்ணி நல்லா வரும்."

தோளில் இருந்த துண்டை நனைத்துத் துடைத்தேன். மூலையில் ஒரு இடம் விட்டுப்போச்சு என்று வரப்பிலிருந்து நடவுப் பெண்களின் மேற்பார்வை வேறு. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும்தான் அந்தப் பெண்கள் வாயை மூடிக்கொண்டு இறங்கினார்கள். வெயில் தாழ்வதற்குள் கடைசிக் கட்டும் சேற்றில் இறங்கியது.

நடவு பச்சை பிடித்துவிட்டது. அக்கா என்னைக் கூப்பிடுவதே இல்லை. காற்று அடித்தால் நானே துண்டை எடுத்துக்கொண்டு அவர் கழனிக்குக் கிளம்பிவிடுகிறேன்.