யோகராஜ் எழுதிய ஒற்றை வரி

யோகராஜ் போய்விட்டார் என்று அவருடைய தங்கை கமலா தொலைபேசியில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "வியாழக்கிழமை வாறேன்னு சொன்னாரே!" என்றேன். "நெஞ்சுவலிங்கம்மா. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிருச்சு" என்று அவள் அழுதாள். நாற்பத்தாறு வயதில் போவது என்ன ஒழுங்கு?

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவருடைய லேபிளில், அதாவது மெட்டல் இசை வெளியிடும் சின்ன நிறுவனத்தில், பாடியவர்கள். மஸ்கெலியாவிலும் நானுஓயாவிலும் இருந்த உங்களைப் பதிவுசெய்து, சீடியாக்கி, வெளிநாடுகளுக்கு அனுப்பினார். எனக்கோ அவர் பாட்டுப் பதிவுக்கு என் முன்னறையை வாடகைக்கு எடுத்த தொல்லை. கிட்டார் அலறும்; பாடுபவர் உறுமுவார். "சத்தத்தக் கொறைங்க தம்பி" என்றால், "நீங்க ஏசுறதவிடவாம்மா சத்தம்?" என்பார். ஒருமுறை, என்னதான் கத்துகிறான் என்று கேட்டேன். சிரிக்காமல் சொன்னார்: "தேயிலைத் தோட்டத்துல கொழுந்து நிறுக்கிறப்போ எங்கம்மா வாயத் தொறக்காம நிப்பாங்க. அதத்தான் இவன் கத்துறான்."

அந்த உலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சின்ன லேபிள்கள் பணம் கேட்பதில்லை. இவர் பத்து சீடி அனுப்பினால், பின்லாந்திலிருந்தோ பிரேசிலிலிருந்தோ பத்து வரும். எழுத்தில் எதுவும் கிடையாது. "ஏமாத்திட்டா?" என்றேன். "ஏமாத்துனவனுக்கு அப்புறம் எவனும் அனுப்பமாட்டான்மா."

பிறகு அந்த லேபிள்களைப் பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக விழுங்கின. பார்சல் வரவேண்டிய இடத்தில் மின்னஞ்சல் வந்தது: பரிமாற்றம் எங்கள் கொள்கையில் இல்லை. கீழே பெயர்கூட இல்லை. ஆளில்லாத கடிதத்தோடு யார் சண்டை போடுவது?

சென்ற மாதம் இவருடைய முறை வந்தது. இவருடைய பாட்டுகளை இணையத்தில் ஏற்றித் தந்த நிறுவனத்தையும் ஒரு கம்பெனி வாங்கியிருந்தது. எல்லாப் பாட்டுகளின் உரிமையும் வேண்டுமாம். மாத முடிவுக்குள் மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களாம். என்ன துணிச்சல்!

யோகராஜ் ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதி, சரிபார்க்க என்னிடம் கொண்டுவந்தார்: "தரமாட்டேன், பாட்டு பாடியவர்களுடையது." கன்னியாஸ்திரிகளிடம் படித்த எனக்கு அது கடிதமாகவே தெரியவில்லை. காரணம் எழுதச் சொன்னேன், நன்றி சொல்லச் சொன்னேன். அவர் எழுதி வந்த இரண்டாவதையும் திருப்பிக் கொடுத்தேன். "பேரே போடாதவனுக்கு எப்படிம்மா நன்றி சொல்றது?"

"அது அவங்க வளர்ப்பு. இது நம்ம வளர்ப்பு" என்றேன். மூன்றாவதை வியாழக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார்.

இதை உங்களிடம் மறைக்க எனக்கு உரிமையில்லை. பதில் போகாமல் கிடந்தது என்னால்.

அடக்கம் முடிந்த மறுநாள் கமலா வந்தாள். கெடுவுக்கு இரண்டே நாள். "நீங்களே நல்லா எழுதித் தாங்கம்மா, அண்ணன் எடத்துல நான் கையெழுத்துப் போடுறேன்" என்றாள். நல்லா எழுத உட்கார்ந்தேன். "நன்றியுடன்" என்று எழுதியதும் அந்தத் தாளைக் கிழித்தேன். அவருடைய ஒற்றை வரியையே அப்படியே எழுதினேன். கமலா கையெழுத்திட்டாள். மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பினோம். நான்கு நாள் கழித்து, மறுப்பு பதிவாகிவிட்டது என்று பதில் வந்தது. அதிலும் பெயர் இல்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை உங்கள் மூலப் பதிவுகள். முன்னறையில், உலர்ந்த அலமாரியில், இசைக்குழு வாரியாக அடுக்கியிருக்கிறேன். அவரவர் வந்து அவரவருடையதை எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சத்தம் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. அதற்காக அதை யாரோ விழுங்கட்டும் என்று விட்டுவிடுவேனா?