மேலே எரிந்த தீக்குச்சி

எங்கள் கிணறு மூச்சு விடும். சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எண்பதுகளில் மேனாம்பேட்டில் வீடு கட்டியபோது, நெல் விளைந்த நிலத்தில் அப்பா தோண்டிய கிணறு அது. சிமெண்ட் உறை இறக்கி, ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் வாய் விட்டு மேலே மூடியிருந்தார். கோடையில் தண்ணீர் கீழே போனதால் மோட்டாரையும் உள்ளே இறக்கி, பாதி ஆழத்தில் பலகை போட்டு வைத்திருந்தார்.

ஒரு கார்த்திகை மாதம், கடலில் புயல் நிற்கிறது என்று ரேடியோ சொன்னது. மழை கொட்டினால் தண்ணீர் ஏறி மோட்டார் மூழ்கிவிடும். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பாவுக்கு, ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுவது கௌரவக் குறைச்சல். அன்று மாலையே இறங்கி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாதி நட்டுகளைக் கழற்றிவிட்டு வந்தார்.

மறுநாள் மதியம் இருட்டிக்கொண்டு வந்தது. கிணற்றுக் குழாயைப் பற்றியபடி சின்னச் சின்னத் தவளைகள் ஏறி வந்தன. பின்னாலேயே கரப்பான்கள், மரவட்டைகள். ஒரு தவளைகூடக் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. குனிந்து பார்த்தேன். வெளியே ஓர் இலை அசையாத நேரத்தில், உள்ளேயிருந்து மட்டும் வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது.

மோட்டாரை மேலே இழுக்கக் கயிறு பிடிக்கப் பக்கத்து வீட்டுக்காரர் வந்திருந்தார். அந்த ஊரில் பரம்பரையாக விவசாயம் செய்த குடும்பம்.

"மய வரப்போவுது அண்ணாத்தே, அதான் தவளைங்க ஏறிகினு கீது," என்றார்.

"எனக்கு என்னவோ மாதிரி இருக்கு, வேண்டாம்ங்க," என்றாள் அம்மா.

"நேத்துதானே இறங்கினேன்? ஒரே ராத்திரியில கிணறு மாறிடுமா?" என்று அப்பா கேட்டார். படி பாசி பிடித்திருக்கிறது என்று அம்மா அடம்பிடித்ததால் மட்டும் தன் இடுப்பிலும் ஒரு கயிறு கட்டிக்கொண்டார்.

அவர் இறங்கிய சற்று நேரத்தில் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. மறுபடி, மறுபடி.

"நமுத்துப்போச்சு. சீறிட்டு அணைஞ்சிடுது. வேற பெட்டி போடு. இந்த வீட்ல ஒரு பொருள் உருப்படியா இருக்கா?"

எனக்குக் கோபம் வந்தது. அடுப்படியிலிருந்து பெட்டியை எடுத்து வந்து, போடுவதற்கு முன் ஒரு குச்சியை உரசினேன். நன்றாக எரிந்தது. "எரியுது பாருப்பா" என்று அதைக் கிணற்று வாய்க்குள் நீட்டினேன். யாரோ விரலால் கிள்ளியது போலச் சுடர் அணைந்தது.

அம்மா பார்த்துவிட்டாள். "மேல வாங்க!"

கீழேயிருந்து சிரிப்பு வந்தது. அப்பா அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. "இரு, கொஞ்சம் உக்காந்துட்டு வர்றேன்," என்றார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

மூன்று பேரும் கயிற்றை இழுத்தோம். "இஸ்துகினே இரும்மா, உட்ராத!" என்று பக்கத்து வீட்டுக்காரர் கத்தினார். வெளியே வந்தபோது அப்பாவின் உதடுகள் நீலமாக இருந்தன. முதல் மழைத்துளிகள் முகத்தில் விழ, இருமிக்கொண்டே கண் திறந்தார். நான் அழுதேன்.

கல்லூரியில்தான் எனக்கு விளங்கியது. மண்ணுக்குள் மக்கும் வேர்களைத் தின்னும் நுண்ணுயிர்கள் பிராணவாயுவை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடுகின்றன. மேலிருக்கும் காற்றின் அழுத்தம் அதை உள்ளேயே பிடித்து வைக்கிறது. புயல் நெருங்கினால் அழுத்தம் குறையும். மண் அந்த மூச்சைக் கிணற்றின் வழியாக வெளியே விடும். பிராணவாயு குறைந்த அந்தக் காற்றை இழுத்தால் முதலில் போதை ஏறியது போலச் சிரிப்பு வருமாம், பிறகு மயக்கம். எங்கோ கடலின் சூட்டைக் குடித்துச் சுழன்ற புயல், எங்கள் வீட்டுக் கொல்லைக்குள் கைவைத்திருக்கிறது.

மோட்டார் மூழ்கிப்போனது. அதற்காக அப்பா அம்மாவை வெகுநாள் திட்டினார். தொண்ணூறுகளில் கிணற்றின் அந்த வாயையும் கான்கிரீட் போட்டு அடைத்தோம். அன்று கேட்டேன்: "உள்ள பயமா இருந்துச்சாப்பா?"

"பயமா? ரொம்ப சுகமா இருந்துச்சு. நீங்கதான் இழுத்துட்டீங்க," என்றார், குறைப்பட்டுக்கொள்வது போல.

அதன்பிறகு புயல் என்று செய்தி வந்தால், நான் முதலில் அப்பாவைத் தேடுவேன். பெரும்பாலும், மூடிய கிணற்றின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.