மடியில் இருந்த பஞ்சாமிர்த டின்

சென்ற மாதம் பழனியில் எங்கள் மூன்று வயது மகளுக்கு மொட்டை போட்டுவிட்டுக் காரில் கொடைக்கானல் திரும்பினோம். கணவர் ஓட்டினார். நான் முன் சீட்டில் மகளை மடியில் வைத்திருந்தேன். அவள் மடியில் பெரிய பஞ்சாமிர்த டின்.

“அத கீழ வையேன், பிள்ளைக்குக் கனக்கும்” என்றார் கணவர்.

“பிரசாதத்தக் காலடியில வைக்கலாமாங்க?” என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டேன்.

பாதி மலையில் மகள் வாந்தி எடுத்தாள். புதுப் புடவை போயிற்றே என்ற எரிச்சலோடு அவளைத் தூக்கிக்கொண்டு பின் சீட்டுக்குப் போனேன். நாங்கள் இருந்த இடத்தில் டின்னை வைத்தேன். சற்றுத் தள்ளி ஓர் இறக்கத்தில், வளைவு திரும்பியதும் நடுச்சாலையில் காட்டெருமை நின்றது. கணவர் பிரேக்கை மிதித்தார். டின் எகிறி டேஷ்போர்டில் மோதி, மூடி தெறித்து, நசுங்கிக் கீழே விழுந்தது. கண்ணாடியெல்லாம் பஞ்சாமிர்தம். பின் சீட்டில் மகளுக்கு ஒரு கீறலும் இல்லை; எனக்கு முழங்காலில் லேசான இடியோடு சரி.

“காலடியில வைக்கக் கூடாதுன்னியே, இப்ப எங்க கெடக்கு பாரு” என்றார். காரை ஓரங்கட்டித் திரும்பி மகளைப் பார்த்தார். நான் மகளின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

அமெரிக்காவிலிருக்கும் என் தம்பி, அங்கே சில கார்களில் மோதிய கணமே ஒரு காற்றுப் பை விரிந்து ஆளைத் தாங்கும் என்கிறான். அத்தனை வேகமாக விரிவது மடியிலிருக்கும் பிள்ளையை அறையாதா? எந்தக் கார் வந்தாலும் என் மகளுக்குப் பின் சீட்டுதான். பிரசாத டின்னைத் துண்டில் சுற்றிக் காலடியில் இறுக்கி வைக்கிறேன். பழனியாண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரும் மொட்டைப் பிள்ளைதானே.