நைனாவின் கட்டம்போட்ட சட்டை

ஒரு விஷயம் தெரியாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். சின்ன வயதிலேயே அப்படித்தான். அறுபதுகளில், செஞ்சியில் எங்கள் வீட்டில் என் மண்டையைக் குடைந்தது ஒரு சட்டைப் பை.

சட்டை என் அப்பாவுடையது; நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவலூர்பேட்டையில் வாங்கியது. சிவப்பும் கறுப்புமாகப் பெரிய பெரிய கட்டம், முழுக்கை. காலர் கிழிந்ததும் அதைக் கொடியில் போட்டுவிட்டார். அந்த வருஷம் அறுப்புக்குப் போன அம்மாவுக்கு நெல்லுச் சுணை பட்டு இரண்டு கையும் தடித்துப் புண்ணாகிவிட்டது. இனிக் கழனியில் இறங்கவே முடியாது என்ற நிலை. அறுப்புக்கூலியை விட்டால் எங்களுக்கு அரிசி ஏது? ஒரு காலையில் அந்தச் சட்டையை எடுத்துப் புடவைமேல் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நைனாவுக்கு வந்ததே கோபம்! "ஆம்பள சட்டையப் போட்டுனு போறியே, ஊரு இன்னா பேசும்? கழட்டுடி!"

"பேசற ஊரா வந்து என் கைக்கு எண்ண தடவுது? கழட்டறேன். அறுப்புக்கு நீ போறியா?"

நைனா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதோடு அம்மாவிடம் பேச்சே இல்லை.

ராஜகிரி அடிவாரத்துக் கழனியில் மற்ற பெண்கள், "அடியே, இன்ஸ்பெக்டரு வந்துட்டாருடி!" என்று சலாம் போட்டார்களாம். அம்மா அசரவில்லை. கையில் புண் ஆறியது. எனக்குத்தான் புது அரிப்பு பிடித்தது. அவள் கை அடிக்கடி அந்தச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. இடுப்பில் சுருக்குப்பை இருக்கும்போது அங்கே அப்படி என்ன? நைனாவும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். கேட்க வீம்பு விடவில்லை.

ஒரு நாள் அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்துக் கொடியருகே ஓடினேன். ஐயோ, நைனாவின் கை ஏற்கெனவே பைக்குள் இருந்தது! வெளியே வந்தது ரெண்டு நெல்லு உமி.

"இன்னா தேடறீங்க அப்பனும் பொண்ணும்?" பின்னால் அம்மா, ஈரத்தலையோடு.

நைனா திருதிருவென்று விழித்தார். "இதுல இன்னாதான் வெச்சினு இருக்க?"

"ஒண்ணுமில்ல. பாக்கெட்டு வெச்ச துணி நான் எப்ப போட்டிருக்கேன்? அதான் தொட்டுத் தொட்டுப் பாத்துக்குவேன்," என்று சொன்ன அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நைனா சிரிக்கவில்லை. சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், கட்டம்போட்ட துணியாகவே பார்த்து எடுத்தார். தையற்கடையில் ஒரே கூட்டம். தையல்கார பாய் அளவு டேப்போடு எழுந்து, "உங்களுக்குத்தானே அண்ணே?" என்றார்.

"இல்ல பாய், என் சம்சாரத்துக்கு," என்றார் நைனா, கடையே திரும்பிப் பார்க்கும்படி. "அறுப்புக்குப் போட்டுனு போறதுக்கு. பாக்கெட்டு ரெண்டா வெச்சித் தைங்க."