இரண்டு சொட்டு எண்ணெய்

நீள மூக்கு வைத்த எண்ணெய்க் குப்பி ஒன்று இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அதை எடுக்கும்போதெல்லாம் மெக்கானிக் டைனமோ பாயின் முகம் வந்து நிற்கும்.

அறுபதுகளில் தென்காசியில் ஒரு டாக்டரம்மாவுக்குக் கார் ஓட்டினேன். பழைய வண்டி. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ போய்விட்டதால், பாய் வேறொன்றைச் சீர்செய்து மாட்டித் தந்தார். "பின்னால உள்ள ஓட்டைல ரெண்டே சொட்டு எண்ணெய், மாசத்துக்கு ஒருக்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். எனக்கோ வண்டிமேல் பாசம் அதிகம். சீசனில் குற்றாலம் வருகிறவர்களை உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்து அருவிக்கு அனுப்புவதைப் பார்த்து வளர்ந்தவன். டைனமோவுக்கும் அப்படியே தாராளமாக ஊற்றினேன்.

மூன்றாம் நாள், இலத்தூரிலிருந்து திரும்பும் வழியில், சார்ஜ் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. மறுநாள் காலை பண்பொழியிலிருந்து பிரசவத்துக்கு ஆள் வந்து நிற்கிறான், வண்டி கிளம்பவில்லை. டாக்டரம்மா வாடகைக் காரில் ஓடினார். நல்லவேளை, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

வண்டியைப் பாய் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய், "செத்த டைனமோவ என் தலைல கட்டிட்டீரே பாய்!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவர் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார், வயர்களை இழுத்துப் பார்த்தார், கடைசியில் டைனமோவின் பின்மூடியைக் கழற்றினார். எண்ணெய் ஒழுகியது. உள்ளே மின்சாரத்தை எடுத்துத் தரும் கார்பன் கட்டைகள் ஊறிக் கிடந்தன. பிறகு எங்கே சார்ஜ் ஏறும்?

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வந்து இறங்கினார். என்ன கோளாறு என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடும். பாய் என்னை ஒருமுறை பார்த்தார்.

"என் தப்புதாம்மா. மாட்டும்போது எண்ணெய் கூடிப்போச்சு."

"இனி வேற கடை பாருங்க டிரைவர்" என்றுவிட்டு டாக்டரம்மா போனார். பெட்ரோல் துணியால் துடைத்துக்கொண்டே பாய் சொன்னார்: "எனக்கு ஒரு வண்டி போனா இன்னொண்ணு வரும்வே. ஒமக்கு இது ஒண்ணுதான?"

அதன்பின் எங்கள் வண்டி அந்தக் கடைக்குப் போகவில்லை. சொல்லிவிட எத்தனையோ முறை வாயெடுத்து விழுங்கினேன். வெட்கக்கேடு. வண்டியை விற்கப் போன அன்றுதான் டாக்டரம்மாவிடம் சொன்னேன். "பாய் கடைக்கு விடுங்க டிரைவர்" என்றார். கடை வாசலில் இறங்கி, "மன்னிச்சிருங்க பாய்" என்று டாக்டரம்மா கை கூப்பினார். நான் தலை நிமிரவில்லை. பாய் பானெட்டைத் திறந்து, டைனமோவைத் தொட்டுப் பார்த்து, என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ரெண்டு சொட்டுதான விடுதீரு?"

இன்று காலை வாசல் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டேன். இரண்டே சொட்டு.